வீரமா? வீம்பா?

அடிதடியைப் பற்றி நம் தமிழ் மக்களிடையே இரண்டே இரண்டு உபதேசங்கள்தாம் வழங்கி வருகின்றன. ஒன்று வாலிபர் கூட்டத்தில் வழங்குவது. "முறைத்தவனை முறை, கை ஓங்கினவன் கையை ஒடி, பின்வாங்கினவன் ஆண்பிள்ளை அல்லன்" என்பது அது. மற்றொன்று பெரியோர் வாயில் வழங்குவது. "துஷ்டனைக் கண்டால் தூர விலகு; அடித்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடு; நமக்கேன் வம்பு?" என்பது இது. முன்னதற்கு வீரம் என்று பெயர் சூட்டியிருக்கிறோம்; பின்னதற்கு அடக்கம் என்று பெயர் சூட்டியிருக்கிறோம். முன்னது வீரமன்று, வீம்பு. பின்னது அடக்கமன்று, அச்சம். இவ்விரண்டு பொய்களும் கைகோத்துக்கொண்டே நம் பிள்ளைகளைச் சிறைக்கும் சவக்கிடங்குக்கும் அனுப்பி வருகின்றன என்பதையே ஈண்டு வற்புறுத்தக் கருதுகிறோம்.

"செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணிக்கு அடிதடியைப் பற்றி என்ன தெரியும்?" என்று சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும். சண்டையில் வென்றவன் யார் என்பதைச் சினிமாப் படம் காட்டும். சண்டைக்கு மறுநாள் கூலி இழந்தவன் யார் என்பதைப் பேரேடுதான் காட்டும். கை எலும்பு முறிந்தவன் குலை வெட்ட முடியாது. போலீஸ் காவலில் இருப்பவன் பெரட்டுக்களத்தில் நிற்க முடியாது. அவன் பெயருக்கு நேரே விழும் வெற்றுக் கட்டங்களில் அவன் வீட்டு அரிசியும் பள்ளிக்கூடச் செலவும் அடங்கியிருக்கின்றன. சிலிபின் சாலையிலும், புந்தோங் கடைத்தெருவிலும், ஈப்போவின் அடுக்கு வீடுகளிலும், இன்னும் எஞ்சியிருக்கும் தோட்டத்து லயங்களிலும் இந்தக் கணக்கை அறியாத குடும்பங்கள் குறைவு. ஆகவே, கணக்கெழுதுகிறவனுக்கு இதைப் பற்றிப் பேச உரிமை உண்டு என்றே கொள்கிறோம்.

முதலில், அடங்கிப் போ என்னும் உபதேசம் எங்கிருந்து பிறந்தது என்று பார்ப்போம். அது வள்ளுவர் வாக்கிலிருந்து பிறந்ததன்று. பால்மரக் காட்டிலிருந்து பிறந்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் மலாயாவில் முடிவுக்கு வந்தது. கங்காணி வழியே ஆள் சேர்ப்பது 1938இல் நின்றது. ஆனால் முறைகள் ஒழிந்த பின்னும் முதுகு வளைந்தே இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் கேட்டது கூலி உயர்வு மாத்திரமன்று. வெள்ளைத் துரையையோ தோட்டத்து உத்தியோகஸ்தரையோ வழியிற் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்றார்கள். தம் பெண்களிடம் தகாத முறையில் நடப்பது நிற்கவேண்டும் என்றார்கள். கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றார்கள். முரட்டுத்தனமாக நடக்கும் உத்தியோகஸ்தர்களை நீக்கவேண்டும் என்றார்கள். அந்த உத்தியோகஸ்தர்களில் கிராணிகளும் அடக்கம். அக்கோரிக்கை முற்றிலும் நியாயமானது என்று ஒரு கிராணியே எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அத்தொழிலாளருக்குக் கிடைத்த பதில் யாது? அவர்கள் தலைவர் ஆர். எச். நாதன் அவ்வாண்டு மே மாதத்தில் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். துருப்புக்கள் வரவழைக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர்.

மிதிவண்டியிலிருந்து இறங்கி நின்ற மனிதன் எவ்வாறு வாழ்ந்தான் என்பதைச் சிந்தியுங்கள். பகலெல்லாம் அவமானத்தை விழுங்கினான். மாலையில் கள்ளுக்கடையில் அதன்மேல் கள்ளை ஊற்றினான். இரவில் மனைவிமேலும் மக்கள்மேலும் அடுத்த லயத்துத் தொழிலாளிமேலும் அதைக் கக்கினான். மேலே உள்ளவன் கொடுத்த அடியைத் திருப்பிக் கொடுக்க முடியாதவன், கீழே உள்ளவனைத் தேடி அதைக் கொடுத்தான். ஆதலின் அச்சமும் வீம்பும் எதிரிகளல்ல; ஒரு வயிற்றுப் பிள்ளைகள். வெளியே "நமக்கேன் வம்பு" என்று உபதேசிக்கும் பெரியவர் சிலர் வீட்டுக்குள்ளே கைவீசுவதன் இரகசியம் இதுதான். அவரைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, எளியவனை அடிப்பதே ஆண்மை என்று கற்றுக்கொண்டால், குற்றம் பிள்ளையுடையது மாத்திரமா?

இந்த இரண்டு பொய்களையும் உதறியெறிய நம்மவர் முயன்ற காலமும் உண்டு. போர் முடிந்த பின், 1946இலும் 1947இலும், கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படை என்றொரு இயக்கம் தோன்றியது. தோட்டத்து வாலிபர்கள் அணிவகுத்துப் பயிற்சி செய்தார்கள்; கள்ளுக்கடை வாயிலில் மறியல் செய்தார்கள்; லயங்களில் ஒழுங்கையும் கண்ணியத்தையும் நிலைநாட்ட முனைந்தார்கள். உடலைப் பண்படுத்துவது பக்கத்து வீட்டானை அடிப்பதற்கன்று, தன்னைத் தான் ஆள்வதற்கே என்பதை அவர்கள் ஓரளவு உணர்ந்திருந்தார்கள். ஆயினும் 1947இன் தொடக்கத்தில் பீடோங் வட்டாரத்தில் போலீசாருடன் மோதல் விளைந்தது. தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார், பலர் சிறை சென்றார்கள், படை நசுக்கப்பட்டது. இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் இரண்டு. ஒழுங்குபட்ட உடல் அடிமைப் புத்தியைப் போக்கும் என்பது ஒன்று. எதிரி கையில் துப்பாக்கியும் நம் கையில் கம்பும் இருக்கும் இடத்தில் மார்தட்டி நிற்பது வழியாகாது என்பது மற்றொன்று. பின்னர் 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்து, பேச்சாலும் ஒப்பந்தத்தாலும் போராடும் பாதை வலுப்பெற்றது. அச்சங்கத்தைக் குறைகூறுவோர் கூறட்டும். ஆனால் பேரம் பேசி வாங்கிய கூலியைப் பெற, எந்தத் தாயும் பிள்ளையைப் பலிகொடுக்க வேண்டியிருக்கவில்லை என்பதை மறுப்பாரில்லை.

அதன் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீட்டுமனைகள் வந்தன. லயத்தை விட்டுப் பட்டணத்துக்குப் பெயர்ந்த குடும்பத்துக்கு நிலமும் இல்லை, தோட்டத்தில் இருந்த அக்கம்பக்கமும் இல்லை. அந்த வெற்றிடத்தில் குண்டர் கும்பல் நுழைந்தது. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று பெயர் குறித்து வெளியிட்டது நினைவிருக்கலாம். கும்பல் பையனிடம் முதலில் விற்கும் சரக்கு போதைப் பொருளன்று, பாதுகாப்பு! "உன்னை எவனாவது தொட்டால் நாங்கள் இருக்கிறோம்" என்ற ஒரு வாக்கியத்துக்காகவே எத்தனையோ பிள்ளைகள் தம்மை விற்றுவிடுகிறார்கள். ஏன்? பள்ளி வாசலில் அடிபட்ட பிள்ளை வீட்டுக்கு வந்தபோது, "நீ என்ன செய்தாய்?" என்று அவனையே அதட்டி வாயை மூடியவர்கள் நாம். பெரியோர் கைவிட்ட பிள்ளையைத்தான் பொறுக்கி எடுத்துக்கொள்கிறான். நாம் கற்றுக்கொடுக்க மறுத்ததை அவன் தவறாகக் கற்றுக்கொடுக்கிறான்.

ஆகவே, தவிர்க்க முடியாத சண்டை என்பது யாது, அதில் எவ்வாறு நடந்துகொள்வது என்பதை நாமே வெளிப்படையாகப் பேசித் தீரவேண்டும்.

தவிர்க்க முடியாத சண்டை மிகச் சிலவே. ஒருவன் உன் தாயை ஏசினான்; அது தவிர்க்கக் கூடியது. கார் நிறுத்தும் இடத்துக்குப் போட்டி. அது தவிர்க்கக் கூடியது. திருவிழாக் கூட்டத்தில் தோள் இடித்தது, உணவுக் கடையில் எவனோ முறைத்தான், தொலைபேசியில் எவனோ இழிவாக எழுதினான். இவை யாவும் தவிர்க்கக் கூடியவை. வழிப்பறிக்காரன் பணப்பையைக் கேட்டால் அதுவும் தவிர்க்கக் கூடியதே; பையை எறிந்துவிட்டு ஓடு. பணத்தைத் திரும்பச் சம்பாதிக்கலாம். ஓட வழியில்லை, கத்தினாலும் கேட்பாரில்லை, எதிரி கை ஓங்கி வந்துவிட்டான். அல்லது ஓடினால் உன்னுடன் இருக்கும் குழந்தையோ முதியவரோ அகப்பட்டுக்கொள்வர் என்ற நிலை. இதுவே தவிர்க்க முடியாதது. மற்றவையெல்லாம் நாம் விரும்பிப் போட்டுக்கொண்ட சண்டைகளே.

இதையே நாட்டுச் சட்டமும் சொல்கிறது. 1860இல் இந்தியாவில் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தின் வழிவந்ததே நம் மலேசியத் தண்டனைச் சட்டம். அதன் 96ஆம் பிரிவு, தற்காப்புரிமையின்படி செய்யப்படுவது எதுவும் குற்றமாகாது என்கிறது. 97ஆம் பிரிவு, உன் உடலை மாத்திரமன்றிப் பிறர் உடலையும் காக்க உனக்கு உரிமை அளிக்கிறது. 102ஆம் பிரிவின்படி, முதல் அடி விழும் வரை நீ காத்திருக்க வேண்டுவதில்லை. தாக்க முயல்வதாலோ மிரட்டுவதாலோ ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் எழுந்ததும் உரிமை தொடங்குகிறது. "அடித்தால் வாங்கிக்கொள்" என்று உபதேசிப்போர் இதைக் கவனிப்பார்களாக! சட்டமே கேட்காத கோழைத்தனத்தை நீங்கள் ஏன் பிள்ளைகளிடம் கேட்கிறீர்கள்?

ஆனால் வீம்பர்களும் மேலே படிக்கவேண்டும். அதே 102ஆம் பிரிவு, அச்சம் நீடிக்கும் வரைதான் உரிமையும் நீடிக்கும் என்கிறது. அவன் விழுந்துவிட்டான் அல்லது ஓடத் தொடங்கிவிட்டான் என்றால் உன் உரிமை அந்தக் கணமே முடிந்தது. அதற்குப் பின் நீ விடும் ஒவ்வோர் உதையும் தற்காப்பன்று, தாக்குதல். 99ஆம் பிரிவு மேலும் இரண்டு வேலிகளை இடுகிறது. போலீசாரை நாடுவதற்கு அவகாசம் இருந்தால் தற்காப்புரிமை இல்லை. தேவைக்கு மேற்பட்ட தீங்கைச் செய்யவும் உரிமை இல்லை. "நாளை மாலை வா, பார்த்துக்கொள்ளலாம்" என்று நாள் குறித்துச் செய்யும் சண்டைக்குத் தற்காப்பு என்ற பெயர் எந்த நீதிமன்றத்திலும் நிற்காது. பொது இடத்தில் இருவர் கைகலந்து அமைதியைக் குலைத்தாலே 160ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு. யார் முதலில் முறைத்தான் என்ற வாதம் அங்கே சிரிப்பைத்தான் விளைவிக்கும்.

கூட்டமாகச் செல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. நண்பனுக்கு ஆபத்து என்று தொலைபேசி வந்ததும் பத்துப் பேர் புறப்படுகிறார்களே, அவர்களில் எத்தனை பேருக்குச் சட்டம் தெரியும்? ஐவர் ஒரு குற்ற நோக்கத்தோடு கூடினாலே அது சட்டவிரோதக் கூட்டம். 34ஆம் பிரிவும் 149ஆம் பிரிவும் ஒருவன் செய்த குற்றத்தை அதே நோக்கத்தோடு உடனிருந்தவர் தலையிலும் ஏற்றவல்லவை. பத்துப் பேரில் ஒருவன் பாராங்கத்தியை வீசினான், ஒருவன் செத்தான். மோட்டார் சைக்கிளில் காத்திருந்தவனும் கூண்டில் ஏறுகிறான். கொலைக்குத் தண்டனை முன்னர்க் கட்டாயத் தூக்காக இருந்தது. 2023க்குப் பின் தூக்கு, அல்லது 30 முதல் 40 ஆண்டு வரை சிறை என்றாகியிருக்கிறது. இருபது வயதில் உள்ளே போகிறவன் ஐம்பதில் வெளியே வருவான். அவன் தாய் இருப்பாளா? நண்பனுக்கு உதவ விரும்பினால் 999 என்ற எண்ணை அழை. அவனை அவ்விடத்திலிருந்து இழுத்துக்கொண்டு வா. அதுவே நட்பு.

சிறு பொறி எவ்வளவு தூரம் பற்றும் என்பதற்கு 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயாவின் கம்போங் மேடானில் நடந்தது போதும். அருகருகே இருந்த கல்யாண வீட்டுக்கும் இழவு வீட்டுக்குமிடையே எழுந்த பூசலே முதற்காரணமாகச் சொல்லப்பட்டது. வதந்தி அதைச் சுமந்து சென்றது; ஆறு உயிர்கள் போயின. மாண்டவருள் வீரன் என்று பாட்டுப் பெற்றவன் எவன்?

இனி, உடலைப் பற்றிய உண்மையைச் சொல்வோம். சினிமாவில் கதாநாயகன் இருபது அடி வாங்கி எழுந்து நிற்கிறான். உண்மையில் ஒரே குத்துப் போதும். குத்து கொல்லாவிட்டாலும், மயங்கி விழுகிறவன் தலை சிமெண்டுத் தரையில் மோதுவது கொன்றுவிடும். மண்டைக்குள் இரத்தம் கசிந்தவன் எழுந்து நடப்பான், பேசுவான், "ஒன்றுமில்லை" என்று சொல்லிப் படுப்பான்; சில மணி நேரத்தில் நினைவு தப்பிப் போவான். அடித்தவன் கையும் தப்புவதில்லை. மண்டை ஓடு கடினமானது. விரல் முட்டியின் எலும்போ மெல்லியது. பல்லில் பட்டுக் கிழிந்த முட்டியில் சீழ் வைத்து விரலையே இழந்தோரும் உண்டு. இங்கிலாந்தில் 1867இல் குவீன்ஸ்பெரி பிரபுவின் பெயரால் வெளியான குத்துச்சண்டை விதிகள் கையுறையைக் கட்டாயமாக்கின. மூன்று நிமிஷத்துக்கு ஒரு சுற்று என வரையறுத்தன. விழுந்தவன் எழுவதற்குப் பத்து விநாடி அவகாசம் தந்தன. காசுக்காகச் சண்டையிடுவோருக்கே நடுவரும் கையுறையும் வேண்டியிருக்கிறது. தெருவில் நடுவர் யார்?

ஆயினும் சண்டை வந்தே விட்டது, விலக வழியில்லை. அப்போது செய்யத்தக்கது யாது?

முதலாவது, இரு கைகளையும் மார்புக்கு நேரே உயர்த்தி, உள்ளங்கை வெளியே தெரியும்படி வைத்துக்கொள்க. அது சமாதானத்தையும் காட்டும், முகத்தையும் காக்கும். "எனக்குச் சண்டை வேண்டாம், விலகு" என்று உரக்கச் சொல்க. அது எதிரிக்காக மாத்திரமன்று. சுற்றி நிற்போர் நாளை சாட்சி சொல்லவேண்டியவர்கள். அவன் வாயைப் பார்க்காதே, கையைப் பார்; வசை கொல்லாது, கைதான் கொல்லும். சுவரோரம் ஒதுங்கி அகப்பட்டுக்கொள்ளாதே. வாசல் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே அறிந்து அந்தப் பக்கமாகப் பின்வாங்கு. மோவாயைத் தாழ்த்தி, முன்கைகளால் தலையை மூடு. அடிக்கவேண்டி வந்தால் முட்டியால் அல்ல, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தள்ளி அடி. வழி திறக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே. வழி திறந்ததும் வெளிச்சமும் மக்களும் உள்ள இடத்தை நோக்கி ஓடு. கீழே விழுந்தால் தலையைக் கைகளால் பொத்து; கால்களை எதிரிப் பக்கம் திருப்பு; எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் எழுந்திரு. தரையில் கிடப்பவனைத்தான் கூட்டம் மிதிக்கும்.

கத்தியோ பாராங்கோ கண்ணில் பட்டால் மேற்சொன்னவற்றையெல்லாம் மறந்து ஓடு. வெறுங்கையால் கத்தியைப் பிடுங்கும் வித்தை வெண்திரையில்தான் பலிக்கும். ஓட முடியாவிட்டால் நாற்காலியோ, மேசையோ, மோட்டார் சைக்கிளோ எதையேனும் நடுவில் வை. நீயும் ஒரு கத்தியை மடியில் செருகிக்கொண்டு போகலாமே என்று நினைக்காதே. நியாயமான காரணமின்றி ஆயுதத்துடன் பொது இடத்தில் திரிவது 1958ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி தனிக் குற்றம். அன்றியும், கத்தி மடியில் இருக்கிறவனுக்குத் தவிர்க்கக்கூடிய சண்டையும் தவிர்க்க முடியாததாகத் தோன்றும்.

சண்டை ஓய்ந்தபின் செய்யவேண்டியதும் சண்டையின் ஒரு பகுதியே. விழுந்தவன் எதிரியாயினும் மூச்சு இருக்கிறதா என்று பார். மூச்சு இருந்து நினைவில்லையேல் பக்கவாட்டில் படுக்க வை. ஆம்புலன்சுக்கு 999ஐ அழை. இரத்தம் பீறிட்டால் துணியை வைத்து அழுத்து. உடம்பில் குத்தி நிற்கும் கத்தியைப் பிடுங்காதே. தலையில் அடிபட்டிருந்தால், நன்றாயிருப்பதாகத் தோன்றினாலும், ஈப்போவாசிகள் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கோ வேறு மருத்துவரிடமோ அன்றிரவே செல்லவேண்டும். காயங்களை மருத்துவர் எழுத்தில் பதியச் செய்து, போலீசில் நீயே முதலில் புகார் கொடு. ஒளிந்துகொண்டவனையே உலகம் குற்றவாளி என்று எண்ணும். கைத்தொலைபேசியில் "அவனைத் தூக்கிப்போட்டு மிதித்தேன்" என்று பெருமையடிக்கும் மூடன், தனக்கெதிரான வாக்குமூலத்தைத் தானே அரசாங்கத்துக்கு இலவசமாக எழுதிக் கொடுக்கிறான்.

"இது கோழைகளின் சாஸ்திரம், தமிழன் புறங்காட்டாதவன்" என்று சிலர் சீறக்கூடும். அவர்களைக் கேட்கிறோம்: வள்ளுவர் படைச்செருக்கைப் பாடியதை மேடையில் முழங்குகிறீர்களே, அதற்கு வெகுமுன்பே 48ஆம் அதிகாரமாக வலியறிதலையும், 49ஆவதாகக் காலமறிதலையும், 50ஆவதாக இடனறிதலையும் அவர் வைத்திருப்பதைப் படித்ததுண்டா? தன் வலிமை, எதிரி வலிமை, காலம், இடம் ஆகிய இவற்றை அளக்காதவனை அவர் வீரன் என்று கொள்ளவில்லை. சிலம்பம் பழகும் களத்துக்குச் சென்று பாருங்கள். மாணவன் முதலில் கற்பது வணக்கம், அடுத்துக் கற்பது காலடி வைப்பு, வீச்சு பிறகுதான். நன்கு கம்பு சுழற்றத் தெரிந்தவன் தெருவில் சச்சரவு தேடித் திரிவது அரிது. தன் கை என்ன செய்யும் என்பதை அவன் அறிவான். தெரியாதவன்தான் நிரூபிக்கத் துடிக்கிறான்.

பெண்மக்களைப் பற்றிப் பேசாமல் இவ்விஷயத்தை முடிக்கலாகாது. ஆண்களின் சண்டைகளில் பெரும்பாலானவை தவிர்க்கக் கூடியவை; பெண்களுக்கு நேர்வனவோ தவிர்க்க முடியாதவை. ஏனெனில் தாக்குகிறவன் பல வேளைகளில் அதே வீட்டில் இருக்கிறான். வீதியில் வீரம் பேசுகிற சமூகம், அடுத்த வீட்டில் ஒரு பெண் அலறும்போது மாத்திரம் "குடும்ப விஷயம்" என்று கதவைச் சாத்துகிறதே, இதைவிடக் கேவலம் உண்டா? தண்டனைச் சட்டத்தின் 100ஆம் பிரிவு, கற்பழிக்க வருபவனிடமிருந்து தற்காத்துக்கொள்ளும்போது அவன் உயிர் போகினும் அது குற்றமாகாது என்கிறது. 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பாதுகாப்பு ஆணை பெற வழி செய்கிறது. 15999 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். இவற்றை அறியாத பெண் ஒருத்தியும் நம் தோட்டத்திலும் பட்டணத்திலும் இருத்தலாகாது. தம்பிக்குக் கம்பு கற்பிக்கும் வீட்டில் தங்கைக்கும் கற்பிக்கட்டும். "பெண்பிள்ளைக்கு எதற்கு?" என்று கேட்பவர், அவளைக் காக்கத் தாம் எந்நேரமும் அருகில் இருக்கப் போகிறாரா என்பதற்கு முதலில் விடை கூறட்டும்.

இறுதியாக, நம் சங்கங்களுக்கும் ஆலய நிர்வாகங்களுக்கும் பெரியோருக்கும் சில வார்த்தைகள். குண்டர் தலைவன் கொடுத்த பணம் என்று தெரிந்தும் அதில் அன்னதானம் போட்டு, அவனுக்கு மாலை மரியாதை செய்து, மேடையில் உட்கார வைக்கிறீர்கள். கீழே நின்று பார்க்கும் பதினைந்து வயதுப் பையன் என்ன பாடம் கற்கிறான்? படித்து ஆசிரியரானவருக்கு இல்லாத மாலை, அடித்துப் பிழைத்தவனுக்கு விழுகிறது என்றுதானே? அந்த மாலையை நிறுத்துங்கள். தமிழ்ப்பள்ளி மைதானங்களில் சிலம்பம் கற்பியுங்கள். கம்போடு சட்டமும் முதலுதவியும் கற்பியுங்கள். சம்சுவும் மலிவு மதுவும் இல்லாத விழாக்களை நடத்துங்கள். அடிதடிகளில் எத்தனை அவற்றிலிருந்து பிறக்கின்றன என்பதை நீங்களே அறிவீர்கள். அடிபட்டு வரும் பிள்ளையை அதட்டாமல், உட்கார வைத்து விசாரித்து, கூடவே பள்ளிக்கும் போலீசுக்கும் செல்லுங்கள். "எங்கள் அப்பா வருவார், எங்கள் மாமா வருவார்" என்று நம்பிக்கையோடு சொல்லத் தெரிந்த பிள்ளை, கும்பலின் காவலைத் தேடிப் போகமாட்டான்.

வாலிபத் தோழர்களே! 1941இல் மிதிவண்டியை விட்டு இறங்க மறுத்த உங்கள் பாட்டனார் பேட்டை ரௌடி அல்லர். எதற்காக நிற்கவேண்டும், எதற்காக நிற்கவேண்டியதில்லை என்ற வேறுபாட்டை அவர் அறிந்திருந்தார். அவமதிப்புக்கு எதிராக அவர் சங்கமாக நின்றார். நீங்களோ, எவனோ முறைத்தான் என்பதற்காகச் சாகத் துணிகிறீர்கள். தன்மானம் என்பது பிறன் கண்ணிலே இருக்கும் பொருளன்று, அவன் முறைத்ததும் கரைந்துபோவதற்கு. அது உங்கள் உழைப்பிலும் கல்வியிலும் அடக்கத்திலும் இருக்கிறது. விலக வழியிருக்கும் வரை விலகுங்கள்; வழியில்லாதபோது தயங்காமல் உங்களையும் உங்களைச் சார்ந்தோரையும் காத்துக்கொள்ளுங்கள்; ஆபத்து நீங்கியதும் கையை நிறுத்துங்கள். இம்மூன்றையும் செய்ய வல்லவனையே வீரன் என்போம். மற்றவன் எவனாயினும், எத்தனை பேரை வீழ்த்தியவனாயினும், அவன் வெறும் வீம்பன்.